பதினொரு பால்மாப் பைக்கற்றுகள்

கப்பல்துறைக்கு அருகே ஓர் ஆடைத் தொழிற்சாலையில், ஊழியர் நலப் பிரிவில் வேலை செய்தேன். பட்டம் பெற்றபின் கிடைத்த முதல் வேலை அது. நான் சேர்ந்த சில மாதங்களில், தைக்கும் பெண்களின் சம்பளத்தில் பாதியை நிறுவனம் தன் சொந்த நாணயமாகக் கைத்தொலைபேசியில் வழங்கத் தொடங்கியது. அதை வளாகத்துக் கடையில் மட்டுமே செலவழிக்கலாம். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப முடியாது. வேலையை விட்டால் மீதி அழிந்துவிடும். இந்த விதிகளைத் தமிழில் எழுதி விளக்கியவன் நானே. களவு போகாத காசு என்று சொன்னேன். அதை நம்பியும் இருந்தேன்.

முதலில் நின்றுபோனது சீட்டு. தையல் வரிசைகளில் மாதந்தோறும் காசு சேர்த்து, அவசரம் உள்ளவருக்கு முதலில் கொடுப்பார்கள். கைக்கு வரும் காசு பாதியானதும் அது கலைந்தது.

குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் உம்மா படுக்கையில் விழுந்தார். வேலையை விட்டு, ஒரு தையல் இயந்திரம் வாங்கி, உம்மாவின் பக்கத்திலிருந்தே தைக்க அவள் விரும்பினாள். ஆனால் ஓராண்டாகச் சேர்த்ததெல்லாம் அந்த நாணயமாகவே இருந்தது. வரிசைப் பெண்கள் ஒரு வழி கண்டார்கள். அவர்களுக்கு வேண்டிய பால்மாவை அவள் தன் கணக்கில் வாங்குவாள். அவர்கள் அவளுக்குக் காசு கொடுப்பார்கள்.

“என்ன புள்ள, வீட்டு மாட்டுக்கும் பால்மாவா கரைச்சுக் குடுக்கிற?” என்று கடைக்காரர் பகிடி பண்ணினாராம்.

பதினோராவது பைக்கற்றில், ஒருவருக்கு இது மிக அதிகம் என்று கடையின் கணினி எச்சரித்தது. மேலாளர் என்னிடம் காரணம் கேட்டார். உண்மை தெரிந்தால் இரங்குவார் என்று எண்ணி, உம்மாவின் நோயையும் கலைந்த சீட்டையும் மூன்று பக்கங்களில் எழுதிக் கொடுத்தேன். அன்று மாலையே அவளது கணக்கு விசாரணைக்கென முடக்கப்பட்டது.

மறுநாள் அவள் என் மேசைக்கு வந்தாள். “சேர், நீங்கதான் எழுதினீங்களாம்.”

“ஓம். உங்களுக்கு நல்லது நடக்கட்டும் எண்டுதான்…”

“நாங்க உங்களுட்டக் கேக்கல்லயே, சேர்.”

விசாரணை முடியுமுன் விலகினால் எல்லாம் போய்விடும். அதனால் தொடர்ந்து வேலைக்கு வந்தாள். மூன்றாம் வாரம், ஒரு முற்பகலில், அவளது பக்கத்து வீட்டார் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். எடுத்தவன் நான். உம்மா மௌத்தாகிவிட்டார், உயிர் பிரியும்போது அருகில் ஒருவரும் இருந்திருக்கவில்லை.

அவள் திரும்பி வரவில்லை. விலகல் கடிதம் மட்டும் வந்தது. அவளது மீதியை அழிக்கும் பொறுப்பு என் பிரிவினுடையது. உறுதியா என்று திரை கேட்டது. ஓம் என்று அழுத்தினேன்.

அதன்பிறகும் ஐந்து மாதங்கள் அங்கேயே இருந்தேன். அலுவலகத்தில் இருந்த எங்களுக்குச் சம்பளம் முழுவதும் வங்கிக்கே வந்தது.