ஆடியில் போட்ட விண்ணப்பம்

யோசனையை மட்டும் நம்பி, நேற்று கல்லூரி முடித்த பிள்ளைகளுக்கு முதலீட்டாளர்கள் பணம் போடுகிறார்கள் என்று பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் இது இரண்டாவது எரிச்சல். முதலாவது எழுபதுகளில் பிடித்தது, இன்னும் அணையவில்லை. நாள், கிழமை எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. சம்பந்தப்பட்டவர் நலமாக இருக்கிறார் என்பதால் ஆண்டை மட்டும் இங்கே விட்டுவிடுகிறேன்.

அப்போது நானும் அவரும் அம்பத்தூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் திருவள்ளூரிலிருந்து ரயில் ஏறுவேன், அவர் திருநின்றவூரில் ஏறுவார். நான் டிப்ளமோ படித்த தர ஆய்வாளன், வெர்னியர் அளவுகோலால் பாகங்களை அளந்து பார்ப்பது என் வேலை. அவர் கடைசல் வேலை செய்யும் டர்னர். கூலிவேலை செய்த கிறிஸ்தவக் குடும்பத்தில் முதன்முதலாக லேத்தைத் தொட்டவர். நான் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பிள்ளை என்பதால் ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் 'சாமி'.

பம்புசெட்டின் தண்டைத் தாங்கும் பித்தளை வளையமான புஷ்ஷைக் கடைந்து கொடுக்கும் சிறுதொழில் ஒன்று தொடங்க வேண்டும் என்பது என் கனவு. அந்தக் காலத்தில் யோசனைக்கு யாரும் காசு தரமாட்டார்கள். வங்கிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகும் மேலாளர் முதலில் கேட்டது வீட்டுப் பத்திரத்தைத்தான். நாங்கள் குடியிருந்த வீடோ கோயிலுடையது. மீதி இருந்த ஒரே வழி கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. திட்ட அறிக்கை தேறினால் அரசே தவணையில் ஷெட் ஒதுக்கும். ஒதுக்கீட்டுக் கடிதத்தைக் காட்டினால் இயந்திரத்துக்குக் கடன் கிடைக்கும்.

ஆனி இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை, என் அறிக்கை தயார். தட்டச்சு செய்த பதினோரு பக்கம், ஓரிடத்தில்கூட அடித்தல் இல்லை. ரயிலில் அதைப் புரட்டிப் பார்த்தவர் கேட்டார்.

"சாமி, இதே மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதிக் குடேன். நீ புஷ்ஷு போடு, நான் நட்டு போல்ட்டு போட்டுக்கிறேன்."

எழுதிக் கொடுத்தேன். அப்போது பொறாமை இல்லை. இந்த ஆளுக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்ற நிம்மதிதான் இருந்தது.

"எப்ப குடுக்கப் போறே?" என்றார்.

"ஆடி பொறக்கப்போறது. ஆவணி முதல் வெள்ளி, ராகுகாலத்துக்கு முன்னாடி."

"ஆடியில தான் ஆபீஸ்ல ஒரு ஈ காக்கா இருக்காதே. நான் போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

ஆடி ஒன்பதாம் தேதி கொடுத்தார். கூட்டம் இல்லாததால் அதிகாரி அவரை உட்காரவைத்து, அறிக்கையை முழுவதும் படித்து, அதே வாரம் மேலே அனுப்பிவிட்டார். நான் ஆவணி முதல் வெள்ளியன்று காலை ஒன்பதே காலுக்குப் போனபோது, என்னைப் போல நாள் பார்த்து வந்தவர்களின் வரிசை வாசல்வரை நின்றது. இந்த முறைக்கு ஷெட்டுகள் முடிந்தன என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஒதுக்கீடு பெற்றவர்களின் பட்டியலில் அவர் பெயர் நான்காவதாக இருந்தது. அவருக்குக் கிடைக்கவைத்தது நான் எழுதிய பக்கங்கள்.

ரயிலில் தினமும் கூட வரும் ஃபிட்டர் ஒருவன் விடவில்லை. "இன்னா சாமி, உன் ஜோடி மொதலாளி ஆய்ட்டான். நீ இன்னும் வெர்னியரைப் புடிச்சிகினு கீறியே."

சிரித்தேன். 

ஒரு மாதம் கழித்து, கடனுக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்று அவர் என் வீட்டுக்கே வந்தார். நிரந்தர வேலையில் இருப்பவர் போட வேண்டும். அது இல்லாவிட்டால் கடன் வராது, கடன் வராவிட்டால் ஷெட் போய்விடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அன்று அஷ்டமி என்றேன். மறுநாள் நவமி. அதன்பின் மகாளய பட்சம், பதினைந்து நாள் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்றேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

மூன்றாம் முறை வந்தபோது தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்தார். "உன் பஞ்சாங்கத்துல எனக்குன்னு ஒரு நாளும் இல்ல போலகீது. பரவால்ல சாமி."

அவருக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்த பள்ளி ஆசிரியர் ஒருவர் கையெழுத்துப் போட்டார்.

தை பிறந்ததும் ஷெட் திறந்தது. நான் மாசியில்தான் போனேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. நட்டு போல்ட்டோடு புஷ்ஷும் கடையத் தொடங்கியிருந்தார். "உன் ஐட்டம்தான். கஸ்டமர் கேட்டாரு, இன்னா பண்றது" என்றார். அவர் டீ வாங்கிவரப் போன நேரத்தில் பையிலிருந்த வெர்னியரை எடுத்து, டிரேயில் இருந்த புஷ்களை ஒவ்வொன்றாக அளந்தேன். பன்னிரண்டு அளந்தேன். ஒன்றாவது அளவு தப்பியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அளந்தேன். தொழிற்சாலையில் நான் பார்த்த எந்தப் புஷ்ஷையும்விட அவை சரியாக இருந்தன.

அடுத்த ஆண்டு புதிய ஷெட்டுகள் வந்தன. இந்த முறை நான் நாள் பார்க்கவில்லை. முதல் நாளே விண்ணப்பம் வாங்கிப் பூர்த்தி செய்துவிட்டேன். விதியில் ஒரு மாற்றம்: தொழிற்பேட்டையில் ஏற்கெனவே தொழில் நடத்தும் ஒருவரின் பரிந்துரைக் கையெழுத்து வேண்டும். அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்.

கேட்கலாம் என்றுதான் போனேன். புது விதி அவருக்கும் தெரிந்திருந்தது, கேட்கும்படி அவர் வைக்கவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "எடு சாமி, எங்க போடணும்? பேனா கீதா?" என்றார். முகத்தில் கேலி இல்லை, பழைய கணக்கும் இல்லை. ஒரு துளி கேலியாவது இருந்திருந்தால் விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்திருப்பேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

"ஃபாரம் இன்னும் கைக்கு வரல" என்றேன்.

அது என் தோள்பையில் இருந்தது. ஓய்வு பெறும்வரை அதே ரயிலில் அம்பத்தூருக்குப் போய்வந்தேன்.