சொல்லாத செக் செல்லாது

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், அம்பாங்கானில் ஒரு கோப்பிக்கடையின் நான்கு மேசைகளில் நானும் நண்பர்களும் சதுரங்கப் பலகைகளைப் பரப்பி வைக்கிறோம். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரோடு ஆடலாம். ஒரே ஒரு விதிதான் வருகிறவர்களைக் குழப்புகிறது. ராஜாவுக்குக் குறி வைத்தால் ‘செக்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் ‘பார்த்தேன்’ என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாத செக் செல்லாது. போட்டிகளில் ஆடிப் பழகிய பிள்ளைகள் இதைக் கேட்டு முகத்தைச் சுளிக்கிறார்கள். பத்து வயதில் நானும் சுளித்தேன்.

அப்போது நாங்கள் போர்டிக்சன் போகும் சாலையை ஒட்டிய ஒரு ரப்பர், செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். சந்தியில் ஒரு கடை. கடைக்காரரை எல்லாரும் நானா என்போம்; இராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். ஒரு மழைநாளில் இடி விழுந்து கடையின் பெரிய டிவி கருகிப்போனது. பந்தாட்டம் பார்க்க வந்தவர்கள் கறுத்த திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். மறுநாள் நானா தன் வாப்பா காலத்துச் சதுரங்கப் பலகையைப் பரணிலிருந்து இறக்கினார். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கணக்கர் கிராணியும் ரப்பர் பால்மரம் வெட்டுகிறவரும் அதில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவார்களாம். காய்களில் ஒரு குதிரையைக் காணவில்லை. ஒரு ரப்பர் கொட்டை குதிரையானது.

வாப்பாவின் விதிகளையும் நானா சேர்த்தே இறக்கினார். ஜெயித்தவர் எழக்கூடாது. அடுத்துக் கடைக்குள் நுழைகிறவர், அவர் யாராக இருந்தாலும், எதிரே உட்கார வேண்டும். செக்கை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

என் அப்பாவும் பெரியப்பாவும் பேசி மூன்று வருஷமாகியிருந்தது. காரணம் சாமி. தோட்டத்து மாரியம்மன் பெரியப்பாவின் லாரியில்தான் ஊர்வலம் போவாள். ஒரு வருஷம் லாரி பாதி வழியில் நின்றுவிட, அம்மன் செம்பனை மரங்களுக்குள் இரண்டு மணி நேரம் கொசுக்கடியில் காத்திருந்தாள். மறுவருஷம் கோவில் கமிட்டியிலிருந்த அப்பா சீனத் தவுக்கே முதலாளி ஒருவரின் லாரியைப் பேசிவிட்டார். அம்மன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அண்ணன் தம்பிதான் பாதி வழியில் நின்றுவிட்டார்கள்.

ஒரே லயத்து வீட்டு வரிசையில் மூன்று வீடு தள்ளி இருந்தோம். அந்த வருஷக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்யத் தோட்ட நிர்வாகம் சொல்லியிருந்தது. பெரியப்பா குடும்பம் கோலா கிளாவாங் பக்கம், நாங்கள் அம்பாங்கான் என்று பிரிந்து போவதாக இருந்தது. “இப்பவே பேசலன்னா அப்புறம் எப்பப் பேசப்போறாங்க,” என்று அம்மா சட்டி கழுவும்போது சட்டியிடம் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிறு, பெரியப்பா மூன்று பேரை வீழ்த்திவிட்டுப் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்பா என் கையைப் பிடித்தபடி உள்ளே நுழைந்தார்.

“நானா, நான் கோப்பி குடிக்க வந்தேன்லா.”

“கோப்பி வரும், உக்காருங்க. பலக ஆள் பாக்காது.”

“தம்பிக்குப் பயம்லா, விட்டுருங்க,” என்றது பின்மேசையிலிருந்து ஒரு குரல். அப்பா உட்கார்ந்துவிட்டார்.

தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே விழுந்த வெயில் பொட்டுகள் பலகைமேல் தாமாகவே கட்டம் கட்டமாக நகர்ந்துகொண்டிருந்தன. கோப்பி ஆவியில் எல்லார் முகமும் கொஞ்சம் தூரமாகத் தெரிந்தது. வெகுநேரம் கழித்து அப்பா கோப்பிக் கிளாசைப் பார்த்து, “செக்” என்றார். பெரியப்பா ரப்பர் கொட்டையைப் பார்த்து, “பாத்தேன்” என்றார்.

வீட்டில் அம்மா கேட்டார். “என்ன பேசுனாங்க?”

“செக்.”

“அப்புறம்?”

“பாத்தேன்.”

“எத்தன தடவ?”

“நாலு.”

நீண்ட கடிதம் ஒன்றைப் படித்து முடித்தவர்போல அம்மா தலையாட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஏழு. அதற்கடுத்துப் பதினொன்று. பள்ளிச் சதுரங்கக் கழகத்தில் இருந்த எனக்கு எரிச்சலாக வந்தது. யானையைச் சும்மா வெட்டலாம். அதை விட்டுவிட்டு ராணியை நகர்த்தி ஒன்றுக்கும் உதவாத செக் வைப்பார் அப்பா. ராஜா ஒரு கட்டம் தள்ளி நிற்பார். அப்பா மறுபடியும் செக் வைப்பார். ஒருநாள் அந்த ‘செக்’கின் வாலில் ‘ண்ணே’ என்று ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் சிரம்பானில் நடந்த போட்டியில் எனக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. பதக்கத்தைக் கழற்றாமலே கடைக்குப் போனேன். பெரியப்பாவும் அப்பாவும் காய் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“போட்டியில யாரும் செக் சொல்ல மாட்டாங்க. சொன்னா மரியாத இல்லன்னு டீச்சர் சொன்னாங்க.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடிக்கப்போகிறவன் நான்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். என் வாயிலிருந்து வருவதெல்லாம் அவர்களுக்கு அரசாங்கக் கடிதம். அப்பா பதக்கத்தைப் பார்த்தார். “படிக்கிற பிள்ள சொல்றான்,” என்று பெரியப்பாவும் தலையசைத்தார்.

“இது கடயா, பரீட்ச எழுதுற எடமா?” என்று நானா முணுமுணுத்தார். பத்தே நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது. ஆளுக்கொரு பக்கமாக எழுந்து போனார்கள்.

“இன்னிக்கு ஒரு செக்கும் இல்லம்மா. சரியா ஆடுனாங்க,” என்றேன். தோசைக்கல்லில் அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. தோசை தீய்ந்த வாசனை வந்தது.

இரண்டு ஞாயிறு பெரியப்பா வரவில்லை. மூன்றாவது ஞாயிறு நல்ல மழை. அப்பா ஜெயித்துவிட்டுப் பலகை முன்னால் தனியாக இருந்தார். வெளியே பெரியப்பாவின் லாரி வந்து நின்றது. பின்னால் கட்டிலும் அலமாரியும் கித்தான் போர்த்திக் கட்டியிருந்தன. நனைந்தபடி உள்ளே வந்தார்.

“ஒரு கோப்பி, நானா. கெளம்பணும்.”

நானா துண்டை உதறி, பலகைக்கு எதிரே இருந்த நாற்காலியைத் துடைத்தார். பெரியப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

என் விதிப்படி ஊமையாகவே காய்கள் நகர்ந்தன. கூரையெல்லாம் மழை. திடீரென்று அப்பா ராணியை ஓரத்துக்குத் தள்ளினார்.

“செக்-ண்ணே.”

நான் எட்டிப் பார்த்தேன். ராணிக்கும் ராஜாவுக்கும் நடுவே ஒரு சிப்பாய் நின்றுகொண்டிருந்தது. அது செக்கே இல்லை. அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தபோது, பொரித்த வாழைப்பழத் துண்டு ஒன்றை நானா சுடச்சுட அதற்குள் திணித்துவிட்டார்.

பெரியப்பா அந்தச் சிப்பாயின் தலையை ஒரு விரலால் தொட்டார். வெகுநேரம் தொட்டுக்கொண்டே இருந்தார்.

“பாத்தேன்டா,” என்றார். எந்த ஆபத்தும் இல்லாத ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தார். பிறகு ரப்பர் கொட்டையை எடுத்து எங்கோ வைத்து, “செக்” என்றார். அதுவும் செக் இல்லை. “பாத்தேண்ணே,” என்றார் அப்பா.

மழை விட்டும் லாரி கிளம்பவில்லை.

வீட்டு வாசலிலேயே அம்மா நின்றுகொண்டிருந்தார். “எத்தன தடவ?”

“எண்ணலம்மா. ஒண்ணுகூட உண்மையான செக் இல்ல. ரெண்டு பேருக்கும் ஆட்டமே மறந்துபோச்சு.”

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். பெரியவர்கள் இருவருக்கும் காய் நகர்த்தத் தெரியாமல் போனது சிரிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. உள்ளே போய், பள்ளி நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து, அடுத்தமுறை அவர்கள் சந்திக்கும்போது கொடுப்பதற்காக, ராணி எப்படி நகரும் என்பதிலிருந்து எல்லா விதிகளையும் அழகான கையெழுத்தில் எழுத ஆரம்பித்தேன்.