ஐந்தில் எத்தனை?

குழல்வாய்மொழிக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. அறை எடுக்க வருகிறவரிடம் பெயர், ஊர், போன் நம்பர் கேட்டு நோட்டில் எழுதுவது எல்லா லாட்ஜிலும் உள்ளதுதான். இவள் அதோடு விடமாட்டாள். எத்தனை பிள்ளைகள், மூத்தது என்ன படிக்கிறது, முழங்கால் வலிக்கு எந்த டாக்டரிடம் காட்டினீர்கள், தூக்குச்சட்டியில் என்ன குழம்பு, எல்லாம் கேட்டுவிட்டுத்தான் சாவி கைக்கு வரும். வந்தவர்களுக்கு முதல் நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் அவர்களே சமையலறை வாசலில் வந்து நின்று சொந்தக் கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

குற்றாலத்தில் ஐந்தருவி சாலையில் இருக்கிறது அவளுடைய லாட்ஜ். கீழே வீடும் இரண்டு அறைகளும், மேலே நான்கு அறைகள். புருஷன் மாடன் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற போகிறவர்களையெல்லாம் ஏதோ திருட்டுக் கேசில் தேடுகிற மாதிரி பார்ப்பதுதான் லாட்ஜுக்காக அவர் செய்கிற வேலை. மற்றதெல்லாம் அவள் தலையில்.

இந்த வைகாசியில் அவள் தென்காசியில் நாலு பேரிடம் விசாரித்து, வெப்சைட் செய்கிற பெர்சிஸை வரச் சொன்னாள். பெர்சிஸுக்கு முப்பத்தைந்து வயது, ஆலங்குளத்துக்காரி. பாவூர்சத்திரத்தில் வெங்காய மண்டி ஒன்றுக்கும் தென்காசியில் பெயின்ட் கடை ஒன்றுக்கும் செய்து கொடுத்திருக்கிறாள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்ததுதான் தாமதம், குழல்வாய்மொழி ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, இந்த வெப்சைட்டுங்கது எங்கன இருக்கும்?"

"இன்டர்நெட்லக்கா."

"அது தெரியும். எங்கனன்னு கேக்கேன். இருக்கதுக்கு ஒரு எடம் வேணும்லா?"

பெர்சிஸ் நிமிர்ந்து பார்த்தாள். வெங்காய மண்டிக்காரர் இதையெல்லாம் கேட்கவில்லை. "மும்பைல ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல இருக்கும்க்கா."

"நம்ம லாட்ஜு மும்பைலயா! அங்கன கரண்டு போனா?"

"போகாதுக்கா. ஜெனரேட்டர் வச்சிருப்பாங்க."

"அத யாரு போடுவா?"

வாசலிலிருந்து மாடன் சத்தம் போட்டார். "ஏட்டி, அந்தப் பிள்ளைய வேலை பாக்க விடுதியா, இல்லையா?"

குழல்வாய்மொழி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு தன் போனை எடுத்து, ஊர் மேப்பில் லாட்ஜின் பெயரைத் தொட்டு, அதற்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைக் காட்டினாள். எல்லோரும் நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார்கள், ஒருவரைத் தவிர. ஒரே ஒரு ஸ்டார். 'தண்ணி விழுதுன்னு சொல்லி வரவச்சாங்க. வந்து பார்த்தா காஞ்ச பாறை. லாட்ஜ் அம்மா பொய் சொல்றாங்க.' எழுதியவர் பெயர் அய்யாத்துரை, சிவகாசி.

"இத எடுக்கணும். அதுக்குத்தாம்மா ஒன்னைய வரச்சொன்னேன்."

பெர்சிஸுக்குச் சங்கடமாகிவிட்டது. "அக்கா, நான் செய்யப்போறது வேற, இது வேற. இத எழுதுனவங்கதான் அழிக்க முடியும்."

"ஒன்னால முடியாதா?"

"யாராலயும் முடியாதுக்கா."

"அப்ப வெப்சைட்டு எதுக்கு?"

"அத நான் கேக்கணும்னு இருந்தேன்" என்று சிரித்த பெர்சிஸ், சும்மா இருந்திருக்கலாம், கூடவே ஒன்றைக் கேட்டு வைத்தாள். "சரிக்கா, அவரு எழுதுனது பொய்யா?"

ஊரையே கேள்வி கேட்டுத் துளைப்பவள் இந்த ஒரு கேள்விக்குத் திருதிருவென்று முழித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்.

போன வருஷம் ஆவணி. சீசன் முடிகிற நேரம். ஆறு அறையும் காலி. சிவகாசியிலிருந்து போன் வந்தது. "எங்கப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசைங்க. கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். தண்ணி விழுதா?" குற்றாலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றே ஒன்றுதான். ஆட்டோக்காரரைக் கேளுங்கள், எண்ணெய் தேய்க்கிறவரைக் கேளுங்கள், சிப்ஸ் கடையில் கேளுங்கள், "நல்லா விழுது, வாங்க" என்பார்கள். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இவளும் அதையே சொன்னாள். அன்று காலை காய்ந்த பாறையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சொன்னாள். மகன் அய்யாத்துரையோடு பெரியவர் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் தினமும் அருவி வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பினார். ஒரு வார்த்தை கோபித்துப் பேசவில்லை.

"அவரு எழுதுனது நெசந்தாம்மா. அதான் உறுத்துது. பொய்யா எழுதியிருந்தா நானும் பதிலுக்கு நாலு ஏச்சு ஏசிட்டுப் போயிருப்பேன்."

இதற்குள் போன் ஏழு தடவை அடித்துவிட்டது. ஏழு பேரும் கேட்டது ஒன்றுதான்: தண்ணி விழுதா? அறை எப்படி இருக்கும், ஏசி உண்டா, எதையும் யாரும் கேட்கவில்லை. பெர்சிஸ் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். இப்போது கேள்வி கேட்கிற முறை அவளுடையதாகிவிட்டது.

"இன்னைக்கு விழுதுன்னு ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெனம் விடியக்காலம் ஐந்தருவிக்குப் போயித்தான் குளிச்சிட்டு வாரேன். அஞ்சு கிளைல எத்தனைல விழுதுன்னு பாத்தாப் போதுமே. அஞ்சுலயும் விழுந்தா ரொம்ப நல்லது. மூணுன்னா வரலாம். ஒண்ணுன்னா, வீட்டுக் கொழாய்லயே குளிச்சிக்கிடலாம்."

"இத அப்படியே போடுவோம்க்கா."

ஒரு வாரத்தில் பக்கம் தயாரானது. முதலில் பெர்சிஸ் மேலே ஒரு படம் போட்டிருந்தாள். பேரருவியில் பாதுகாப்பு வளைவையே மூடிக்கொண்டு வெள்ளம் கொட்டுகிற படம். குழல்வாய்மொழி பதறிப்போனாள். "ஐயையோ, இத எடு! இப்படி விழுந்தா போலீசு கயிறு கட்டி ஒரு பயலக் குளிக்க விடமாட்டாங்க." மாடன் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் கயித்தப் புடிச்சிக்கிட்டு நானே நின்னிருக்கேன்" என்றார், பெருமையோடு. படம் போனது. அந்த இடத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி வந்தது. 'இன்று ஐந்தில் மூன்று. காலை 5.20. என் கண்ணால் பார்த்தது. குழல்வாய்மொழி.' அறைகளின் படமெல்லாம் அதற்குக் கீழேதான். தினமும் அந்த எண்ணை மாற்றுவதற்கு அவள் போனிலேயே வழி செய்து கொடுத்தாள் பெர்சிஸ்.

அடுத்த வாரம் வந்தபோது பெர்சிஸ் இன்னொன்றையும் காட்டினாள். எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு ஆட்கள் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்கிற கணக்கு. தென்காசியிலிருந்து இரண்டு பேர். "அது நானும் ஏட்டையாவுந்தான்க்கா." மதுரை, ராஜபாளையம் என்று அங்கொன்றும் இங்கொன்றும். சிவகாசியிலிருந்து ஒரே ஒரு ஆள். ஆனால் அந்த ஆள் தினமும் பார்க்கிறார். காலை ஐந்தரை அடித்தால் தவறாமல் பார்க்கிறார்.

"ஆரு அது?"

"ஆள் பேரு தெரியாதுக்கா. ஊருதான் காட்டும். அதுவும் சில நேரம் தப்பாக் காட்டும்."

சோறு இறங்கவில்லை குழல்வாய்மொழிக்கு. தினமும் வர நினைக்கிற ஆளாக இருந்தால் ஒரு நாளாவது போன் பண்ண வேண்டாமா? வேன் டிரைவரோ? பட்டாசு ஆபீசில் வாட்ச்மேனோ? அவள் மனசில் ஒரு பெயர் வந்து வந்து போனது. சீ, அந்த மனுஷன் எதற்கு நம் பக்கத்தைப் பார்க்கப் போகிறான் என்று தள்ளிவிடுவாள். தள்ளிவிட்டாலும் பயம் போகவில்லை. அந்த ஆளாகவே இருந்தால், எப்போது பொய் சொல்வாள், பிடிக்கலாம் என்றுதானே காத்திருப்பான்? அன்றிலிருந்து அருவியில் ஈரத்தோடு நின்றே எண்ணைப் போடத் தொடங்கினாள், ஐந்தரைக்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று.

ஆனி பிறந்து இரண்டாவது சனிக்கிழமை. ராஜபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் ஆறு அறையையும் சேர்த்துப் பேசியிருந்தது. இந்த சீசனில் லாட்ஜ் நிறைவது அதுதான் முதல் தடவை. ஆனால் மூன்று நாளாகச் சாரல் இல்லை, சுள்ளென்று வெயில். சனிக்கிழமை விடியலில் அவள் போய் நின்றபோது ஐந்து கிளையும் காய்ந்து கிடந்தன. ஓரிடத்தில் மட்டும் பாறை ஈரமாக இருந்தது. அதைத் தண்ணீர் என்று சொன்னால் வாய் அழுகிவிடும்.

ஒன்றும் போடாமல் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். மாடன் போலீஸ் மூளையோடு யோசித்தார். "நேத்து ரெண்டுன்னுதான போட்ட? மாத்தாத. பொய் சொன்னதாவும் ஆகாது. வேன் இந்நேரம் கெளம்பியிருக்கும். வரட்டும், வந்தபெறகு பாத்துக்கலாம்."

நல்ல யோசனைதான். ஒரு விரல் அசைக்க வேண்டியதில்லை. குழல்வாய்மொழி மணியைப் பார்த்தாள். ஐந்து இருபத்தெட்டு. கம்பு ஊன்றிய பெரியவர் அருவி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியது கண்ணில் நின்றது. 'இன்று ஐந்தில் ஒன்றுமில்லை' என்று போட்டாள்.

ஆறு மணிக்கு ராஜபாளையத்துக்காரர் போன் செய்தார். "நல்லவேளை, வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பாத்தேம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எதிர் லாட்ஜ் துல்கர்னைன் வேகமாக வந்து படியில் நின்றார். "ஏ அக்கா, ஒங்க பேஜைப் பாத்துட்டு எனக்கு வர இருந்த பார்ட்டியும் வேண்டாம்னுட்டான். நீங்க அரிச்சந்திரனா இருங்க, எங்களையும் ஏன் சேத்துப் பட்டினி போடுதீய?" மாடன் வாசல் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். காலை இட்லி அப்படியே இருந்தது. குழல்வாய்மொழி மேலே போய், துவைத்த விரிப்பு விரித்து வைத்திருந்த ஆறு அறைப் படுக்கைகளில் ஒன்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பொய் சொன்னபோதும் மானம் போச்சு, நிஜத்தைச் சொன்னாலும் பிழைப்பு போச்சு, நான் என்னதான் செய்ய என்று அழுதாள்.

புதன்கிழமை மத்தியானம் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று திரும்பியது. ராத்திரி முழுக்கச் சாரல். வியாழன் காலை அருவிக்குப் பக்கத்தில் நின்று பேசினால் காது கேட்கவில்லை. 'இன்று ஐந்தில் ஐந்து' என்று போட்டுவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் போன் அடித்தது. ஐந்தே முக்கால்.

"ஒரு ரூம் வேணுங்க. கீழ்த்தளத்துல."

"எந்த ஊரு?"

"சிவகாசி."

குழல்வாய்மொழி தெருவிலேயே நின்றுவிட்டாள். "பேரு?"

"அய்யாத்துரை. போன வருஷம் வந்திருந்தோம்."

வேறு யாராக இருந்தாலும் போனை வைத்திருப்பார்கள். இவளுக்கு அப்போதும் கேள்விதான் வந்தது. "அண்ணாச்சி, தெனம் அஞ்சரைக்கு எங்க பேஜைப் பாக்கது நீங்கதானா?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லுங்க, நீங்கதானா?"

"நான்தான். மறைக்கிறதுக்கு என்ன? நீங்க மறுபடியும் பொய் சொல்லுவீங்க, பிடிச்சு இன்னொண்ணு எழுதலாம்னுதான் பாக்க ஆரம்பிச்சேன்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்பா அதைக் கண்டுபிடிச்சிட்டாரு. இப்ப காபி குடிக்கிறதுக்கு முன்னாடி, அந்தம்மா இன்னைக்கு எத்தனை போட்டிருக்குன்னு அவர்தான் கேக்குறாரு. தினமும் கேக்குறாரு. போன சனிக்கிழமை ஒண்ணுமில்லைன்னு போட்டிருந்தீங்கள்ல? அதைச் சொன்னதும், சீசன்ல சனிக்கிழமை இப்படிப் போடுதுன்னா இது பாத்துட்டுத்தான் எழுதுது, தண்ணி வந்ததும் ரூம் போடுடான்னுட்டாரு."

குழல்வாய்மொழி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

"நான் எழுதினதை அழிச்சிடுறேங்க" என்றார் அய்யாத்துரை.

இதற்காகத்தான் ஊரெல்லாம் விசாரித்தாள், இதற்காகத்தான் பெர்சிஸைக் கூப்பிட்டாள். சரி என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி. நான் அன்னைக்குப் பொய்தான் சொன்னேன். கெடக்கட்டும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்பாவால இப்ப நடக்க முடியுதா?"

"கையப் பிடிச்சிக்கிட்டா நடப்பாரு."

"அப்ப இன்னைக்கே வெரசாக் கெளம்பி வாங்க. நாளைக்கு எத்தனைன்னு எனக்குத் தெரியாது."