புள்ளி வைக்காத மூன்று பக்கங்கள்

வாப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு சிவப்புச் சேலையைத் தகர டின்னில் போட்டுக் காய்ச்சியது. பிரிக்பீல்ட்ஸில் அவருடைய துணிக்கடையில் மிஞ்சிய கடைசிச் சரக்கு. சாயம் போகும் என்பதால் யாரும் வாங்கவில்லை. கொசுவலைத் துண்டில் வடிகட்டினேன். அரைக் குப்பி மை தேறியது.

கிள்ளான் ஊர் அமீனா பீவிக்காக அந்த மை. அவருடைய கணவரை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கணவர் திரும்பும்வரை தினமும் குர்ஆன் ஓதுவதாகப் பீவி நேர்ந்திருந்தார். வீடு எரிந்தபோது ஓதும் ஏடும் போயிற்று. வாப்பா நினைவிலிருந்தே பதினொரு பக்கம் கறுப்பு மையில் எழுதினார். ஆனால் உயிர்க்குறி இல்லாத அரபு எழுத்தைப் படிக்கப் பீவிக்கு வராது.

"கறுப்புலயே குறி போடுங்க வாப்பா. ஒரு சாயங்கால வேலை."

"எழுத்து இறங்குனது. குறி நாம வச்சது. ரெண்டும் கலக்கலாமா? ஒன் ஆபீஸ்ல செவப்புப் பென்சில் இருக்குமே?"

"எடுத்தா ஜப்பான்காரன்கிட்ட அறை விழும்."

ரயில்வே பட்டறையில் வரைபடம் வரைகிறேன். பிழையைச் சுழிக்க அந்தப் பென்சில்.

ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் பஸரா நகரில் ஓர் அரபு இலக்கண அறிஞர் இருந்தாராம். ஈற்றொலி பிசகி மறைவசனத்தின் பொருளே தலைகீழானதைக் கேட்டுப் பதறியவர். எழுத்தரை எதிரே உட்காரவைத்து, வாய் திறந்தால் மேலே புள்ளி, குவிந்தால் பக்கத்தில், இறங்கினால் அடியில், எல்லாம் வேறு நிற மையில் என்று சொன்னாராம். வாப்பாவுக்கு அவர் சொல்லே சட்டம். கடைக்கு வந்தவர்கள் சொல்லும் சலாமின் ஈற்றொலியைக்கூடத் திருத்துவார். பாதி வியாபாரம் அதில் போயிற்று.

சேலை மை தாளில் பரவியது. ஒரு புள்ளி காயாமல் அடுத்ததை வைக்கமாட்டார். நாளுக்கு ஒரு பக்கம். எட்டாம் பக்கம் முடிந்த அன்று வாப்பாவுக்கு மலேரியா. கொயினா மருந்து கிடைக்கவில்லை. ஆறாம் நாள் அடக்கம் செய்தோம்.

நேற்று கிள்ளான் ரயில் கார்டு சபாபதி பட்டறைக்கு வந்தார்.

"பீவியம்மா தெனமும் ஸ்டேஷன்ல வந்து நிக்குது லா. ஏடு எழுதுற பெரியவரு எப்ப வராருன்னு கேக்குது. நான் என்னா சொல்றது?"

பென்சிலை எடுத்து வந்துவிட்டேன். யாரும் அறையவில்லை. முனை சீவியாயிற்று. புள்ளி எங்கே வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பள்ளிவாசல் லெப்பையும் சயாம் ரயில்பாதை வேலையில்.

மூன்று பக்கம் கறுப்பாகவே இருக்கிறது.