ராட்டினம் நின்றுபோன சாரல்

குற்றாலத்தில் ராட்டினம் சுற்றிய தோப்பில் இப்போது காரும் பஸ்ஸுமாக நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் தரையைப் பார்க்காது. மேலே, ஒரு மச்சு வீட்டு உயரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தைத்தான் பார்க்கும். நான் அங்கே இருந்திருக்கிறேன்.

இரண்டு பக்கமும் தேக்கங்கால் நட்டு, நடுவே அச்சு போட்டு, நான்கு மரப்பெட்டிகள் தொங்கும். ராட்டினக்காரரும் அவர் மச்சினனும் ஆளுக்கொரு பக்கம் நின்று கையால் பிடித்துத் தள்ளுவார்கள். அச்சு கிறீச்சிடும் சத்தம் கேட்டாலே நான் தோப்பைப் பார்த்து ஓடுவேன். பெட்டி உச்சிக்குப் போனதும் அருவியின் சாரல் காற்றோடு வந்து முகத்தில் அடிக்கும். கீழே நிற்பவர்களுக்குக் கிடைக்காத ஈரம் அது. பெரியவர்கள் அருவிக்காகக் குற்றாலம் போனார்கள். தென்காசிப் பிள்ளைகளான நாங்கள் ராட்டினத்துக்காகப் போனோம்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஜப்பான் சண்டையெல்லாம் வருவதற்கு முந்தி. அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் வில்வண்டி கட்டிப் புறப்பட்டது குளிப்பதற்கு மட்டுமல்ல, அத்தைக்காகவும்தான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. ராயகிரியில் கட்டிக்கொடுத்து, இரண்டு வருஷம் முடியுமுன்னே திரும்பி வந்துவிட்டாள். அடி, உதை ஒன்றும் இல்லையாம். சத்தமாகப் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, வாசலை எட்டிப் பார்க்கக்கூடாது. புருஷனோ தாயாரைக் கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்காதவர்.

"ஏட்டி, இதெல்லாம் ஒரு குறையா?" என்று பெரியம்மா கேட்டதற்கு, "ஒரு வாரம் நீங்க சிரிக்காம இருந்து பாருங்க மதினி" என்றாள் அத்தை.

பெரியப்பா விடவில்லை. ஆள் மேல் ஆள் அனுப்பிச் சமாதானம் பேசி முடித்துவிட்டார். மனஸ்தாபப்பட்ட இரண்டு வீட்டாரும் சாரல் காலத்தில் ஒரே அருவியில் குளித்து, ஒரே பந்தியில் சாப்பிட்டு எழுந்தால் பழையதெல்லாம் தண்ணீரோடு போயிற்று என்று எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம். அதன்படி ராயகிரிக்காரர்கள் மத்தியானத்துக்கு மேல் சேலையும் பழமுமாக வருவார்கள். குளித்துச் சாப்பிட்டதும் அத்தையை அங்கிருந்தே கூட்டிக்கொண்டு போவார்கள். எல்லாரையும் கேட்டு ஏற்பாடு செய்த பெரியப்பா, அத்தையை மட்டும் கேட்கவில்லை. அவள் காலையிலிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? கையைப் பிடித்து இழுத்து அவளைத் தோப்புக்குக் கூட்டிப்போய்விட்டேன். ஆனால் ராட்டினக்காரரிடம் கேட்க எனக்கு நா எழவில்லை. அத்தையின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள்தான் கேட்டாள்.

கூட்டமெல்லாம் அருவியில் இருந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும். ராட்டினக்காரர் தலையைச் சொறிந்தார். "எதிர்ப் பொட்டியில கனம் வேணும் தாயி. இல்லன்னா சுத்தாது."

அங்கேதான் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, கோவணத்தோடு, எண்ணெய் ஊறட்டும் என்று ஒரு கல்லின் மேல் இருந்தார். நல்ல கனத்த, பாரியான உடம்பு. குற்றாலத்தில் அந்தக் கோலத்துக்கு யாரும் வெட்கப்படுவதில்லை. ஜமீன்தாரும் அப்படித்தான் இருப்பார், அவர் வண்டிக்காரரும் அப்படித்தான் இருப்பார்.

"முதலாளி, உங்களைப் போல ஒரு ஆளு ஏறினா ராட்டினத்துக்கே ஒரு மதிப்பு. மேல காத்துல எண்ணெயும் நல்லா ஊறிக்கிடும்" என்றார் ராட்டினக்காரர்.

பெரியப்பா இரண்டு தரம் மறுத்தார். மூன்றாம் தரம் ஏறிவிட்டார்.

முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றில் அவருடைய பெட்டி மேலே ஏறிச் சற்று ஆடியது. எண்ணெய் உடம்பு, மழையில் நனைந்த பலகை. அப்படியே வழுக்கிப் பெட்டியின் அடியில் மல்லாந்துவிட்டார். நாங்கள் பார்த்தபோது பெட்டிக்கு வெளியே இரண்டு உள்ளங்கால்கள் மட்டும் வானத்தைப் பார்த்து மினுமினுத்தன. அடுத்த தரம் கால்கள் உள்ளே போய்த் தலை வந்தது. பிடித்து எழுந்திருக்கப் பார்ப்பார், கை வழுக்கும், மறுபடி கால் வரும்.

"ஏலே, நிறுத்துலே! நிறுத்துதியா இல்லியாலே!"

"நடுவுல நிறுத்தினா பொட்டி கவுந்திரும் முதலாளி! கெட்டியாப் பிடிங்க!"

"எதைலே பிடிக்க!"

அருவியில் குளித்தவர்கள் சொட்டச் சொட்ட ஓடிவந்து கூடிவிட்டார்கள். நான் சிரித்ததில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. அத்தை மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பெட்டி உச்சிக்குப் போனது. அப்போது அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு! தலையைப் பின்னால் போட்டு, கொண்டை அவிழ, தோப்பு முழுக்கக் கேட்கும்படி.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு ஆசை தீரல! இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்க!" என்று ராட்டினக்காரரைப் பார்த்துக் கத்தினாள்.

கூட்டமும் சேர்ந்து "சுத்துங்க, சுத்துங்க" என்றது. ராட்டினம் சுற்றியது.

கீழே இறங்கி வரும்போதுதான் கூட்டத்துக்கு நடுவே தாம்பாளங்களைப் பார்த்தேன். ராயகிரிக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். முன்னால் மாமியார். எதிர்கொண்டு அழைக்க வேண்டிய சம்பந்தி கால் மேலே, தலை கீழே. மருமகளோ தலைவிரிகோலமாக மேலே சிரித்துக்கொண்டு போகிறாள்.

"சம்பந்தி வீட்டு லெட்சணம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அந்த அம்மாள். பின்னால் நின்ற மகனைத் திரும்பிப் பார்த்து, "வண்டியைத் திருப்பச் சொல்லுலே" என்றாள். தாம்பாளத்தில் மூடியிருந்த துணியைக்கூட எடுக்கவில்லை.

அடுத்த சாரலுக்கு ராட்டினம் இல்லை. வெளியே கேட்டவர்களுக்கு, அச்சு விரிசல் விட்டுவிட்டது என்று சொன்னார்கள். தோப்புக்காரர் பெரியப்பாவின் சிநேகிதர், அதனால்தான் இடம் கொடுக்கவில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்த ராட்டினம் என்பார் பெரியப்பா. ராட்டினக்காரர் அதைச் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொண்டுபோய்விட்டார், அங்கே நன்றாகவே ஓடியதாம். நான்தான் வெறும் தோப்பைப் பார்த்து அழுதேன். அத்தை பக்கத்தில் நின்று என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

அவள் பிறகு ராயகிரிக்குப் போகவே இல்லை. எங்கள் வீட்டிலேயே மாடு வளர்த்தாள், எங்களை வளர்த்தாள், அவள் சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும். "வாழ்க்கை போச்சே இவளுக்கு" என்று பெரியம்மா சொல்வாள். அதற்கும் சிரிப்பாள்.

அந்த ராட்டினப் பெட்டியில் நாங்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். என் முகம் அருவியைப் பார்த்து, அத்தையின் முகம் தென்காசிச் சாலையைப் பார்த்து. உச்சியிலிருந்து பார்த்தால் சாலையில் எந்த வண்டி வருகிறது, யார் இறங்குகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். அவள் அங்கே எதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள் என்பது எனக்கு உறைக்கும்போது நானே இரண்டு பிள்ளைக்குத் தாய்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், கூச்சத்தில் வாய் திறக்காத எனக்காக அத்தை இரண்டு சுற்று கூடுதலாகக் கேட்டாள் என்பதுதான். திரும்பும் வண்டியில் நான் என் பங்குப் பலாச்சுளையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவளும் எடுத்துத் தின்றாள்.