ஏலக்காய் மணத்தோடு வந்த கரிமீன்

போன வாரம் போடி மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிக்குள் தட்டையாய், கரும்பச்சையாய், உடம்பெல்லாம் முத்துப்புள்ளி வைத்த மீனைப் பார்த்தேன். கரிமீன்தானே என்று கேட்க வாய் வரை வந்தது. கடைக்காரரிடம் கூச்சமில்லாமல் பேச இந்த வயதிலும் வரவில்லை. வழக்கம்போல் மத்தியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் ஸ்டோரில் காய் பொறுக்கப் போனேன். எனக்கு எதிரில் லீலா உட்காருவாள். கேரளத்துக் காயல் கரையில் பிறந்து போடிக்கு வாழ்க்கைப்பட்டவள். அப்போது மாசமாக இருந்தாள். வெளியூர்க்காரர்கள் மூக்கை விரித்து இழுக்கும் ஏலக்காய் மணம் அவளுக்குக் குமட்டியது. சோறு தங்கவில்லை, வளையல் முழங்கைக்கு ஏறிவிட்டது.

"கரிமீன் கிட்டினா ஒரு பிடி சோறு தின்னுவேன்டி" என்பாள்.

மலையிலிருந்து காய் லோடு இறக்கும் ஜீப்பு டிரைவரிடம் எங்களோடு காய் பொறுக்கும் மாரியக்கா சொல்லிவிட்டாள். மேலே கேரளத்து மீன் வண்டி வரும். ஆனால் அவருக்குப் பயம். ஏலக்காய் பக்கத்து வாடையையெல்லாம் குடித்துவிடும். மீன் நாறினால் மூட்டையே திரும்பிவிடும்.

ஆனாலும் கொண்டுவந்தார். வாடை அடங்கட்டும் என்று மீனை ஏலக்காய்த் தோலுக்குள் புதைத்து. பிரித்தால் பாயச வாசனை.

"என்னண்ணே, மீன் கேட்டா கல்யாணப் பந்தியக் கொண்டாந்திருக்கீக?" என்றாள் மாரியக்கா.

"பவுடர் போட்டுக் கூட்டியாந்திருக்கேன் ஆத்தா. வெரசா எடுங்க, மொதலாளி பாத்தா என் சோலி முடிஞ்சுது."

லீலாவின் முகம் செத்துவிட்டது. ஓங்கரித்துக்கொண்டே ஒரு மீனின் செவுளைத் தூக்கி மோந்தாள். வெகுநேரம் முகத்தை எடுக்கவில்லை.

"இவிட, செவுளுக்குள்ள மட்டும் எங்க வீட்டுச் சேத்து மணம் உண்டு" என்றாள்.

புளித்தண்ணீரில் அலசி, மிளகு தடவிப் பொரித்தோம். அன்றைக்குச் சோறு தங்கியது. எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு. சாப்பிட்ட கையை மோந்தபடி சொன்னாள்: உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் அவள் வீட்டுப் படித்துறையில், முங்கிய கல்லில்தான் கரிமீன் முட்டையை ஒட்டுமாம். தாயும் தகப்பனுமாகத் துடுப்பால் விசிறிக் காக்குமாம். குஞ்சு பொரிக்கும்வரை வீட்டில் ஒருவரும் அந்தக் கல்லில் கால் வைக்கமாட்டார்களாம்.

பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. புருஷனும் அங்கேயே போய்விட்டார். பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. பல வருஷம் கழித்து அந்தப் பக்கம் போய்வந்த டிரைவர் அண்ணன்தான் சொன்னார்.

"காயலத் தூத்து ரோடு போட்டுட்டாக தாயி. வீட்டையே காணோம்."

யாரும் கால் வைக்காத அந்தக் கல்லின் மேல் இப்போது பஸ் போகிறது.