தூசி விழாத அறை

மாலை நாலு இருபதுக்கு என் மகள் உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அப்பா, நாக்கு மரத்துப்போன மாதிரி இருக்கு."

நேரம் துல்லியமாக நினைவிருக்கக் காரணம் உண்டு. கூடத்து மேசையில் ஒரு சின்ன லாரியின் மட்கார்டை அப்போதுதான் ஒட்டியிருந்தேன். பசை இறுகும்வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கண்கள் சுவர்க் கடிகாரத்தின் மேலேயே இருந்தன. அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "டீயைச் சூடா குடிச்சிருப்ப" என்றேன்.

"நீ இன்னும் டீயே போட்டுத் தரல."

அதற்கு ஒரு பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அதன் பிறகு அவள் வாந்தி எடுக்கும் சத்தம். மட்கார்டு என் விரலோடு ஒட்டிக்கொண்டு வர, ஓடினேன்.

அன்று சனிக்கிழமை. என் மனைவி பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள். காலை ரயிலில் போய், சாயந்திர ரயிலைப் பிடித்து இரவு வீடு திரும்புகிறவள். எனக்குச் சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. பி.யூ.சி. முதல் வருடம், அதாவது பதினோராம் வகுப்பு, படிக்கும் மகளுக்கும் மதியத்தோடு வகுப்பு முடிந்துவிடும். சில வருடங்களாகவே அந்த அரை நாள் எங்கள் இருவருக்கும் சொந்தமானது. நாங்கள் வண்டி கட்டுவோம்.

வண்டி என்றால் உள்ளங்கை நீளத்துக்குக் கார்கள், முழங்கை நீளத்துக்கு லாரிகள். கொரோனாவில் பள்ளி மூடியிருந்தபோது, அவள் செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று ஒரு பழைய கார் மாடலின் பெட்டியை வரவழைத்துக் கொடுத்தேன். ஒரு சட்டத்தோடு சேர்த்து வார்த்திருந்த பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி எடுத்து, உரசி, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். முதல் காரில் அவள் கைரேகை கூரை முழுவதும் பதிந்திருந்தது. என் பங்குக்கு ஒரு கதவைத் தலைகீழாக ஒட்டியிருந்தேன். ஆனாலும் அந்த மூன்று நாளில், அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் பேசாததையெல்லாம் அவள் என்னிடம் பேசிவிட்டாள். கையில் வேலையும் கண்ணுக்கு எதிரே வேறொரு பொருளும் இருந்தால், பதின்வயதுப் பெண் அப்பாவிடம் எதையும் சொல்வாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு பெட்டியில் வருவதை விட்டுவிட்டு, எங்கள் சாலைகளில் ஓடும் லாரிகளையே பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிச் செய்ய ஆரம்பித்தோம். வெட்டுவதும் ஒட்டுவதும் என் வேலை. பெயின்ட்டும் நுணுக்கமும் அவளுடையவை. மூக்குக் கண்ணாடி மேல் இன்னொரு கண்ணாடியை வைத்துக்கொண்டு, முன் பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிடுவாள். சாக்லேட் தாளை வெட்டி சைடு மிரர் செய்வாள். காகிதக் கைக்குட்டையைப் பசைத் தண்ணீரில் நனைத்துப் போர்த்தினால் அது தார்ப்பாய் ஆகிவிடும். கடைசியாக அழுக்கு. புது வண்டி பொம்மை மாதிரி இருக்கும். சக்கரத்துக்குப் பின்னால் தூசி படிந்தால்தான் லாரி ஆகும் என்பாள்.

அந்தத் தூசிக்கு நாங்கள் வெகு தூரம் போக வேண்டியதில்லை. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் பாறையை அரைத்து, சயனைடில் தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு, மிச்சப் பொடியைக் கொட்டிக் கொட்டி எங்கள் ஊரைச் சுற்றி மலைகளே எழுந்துவிட்டன. சயனைடு டம்ப் என்றுதான் எல்லோரும் சொல்வோம். சாம்பலும் வெள்ளையும் கொஞ்சம் மஞ்சளும் கலந்த அந்த நிறத்தைக் கொடுக்கும் பெயின்ட் எந்தக் கடையிலும் கிடையாது. காற்றடிக்கும் மாதங்களில் அது தானாகவே வீட்டுக்குள் வந்து சோற்றுப் பாத்திரம்வரை படியும். நாங்கள் ஒரு டப்பாவில் அள்ளிவந்து பழைய துப்பட்டாவில் சலித்து வைத்திருந்தோம். பெயின்ட்டை இளக்கும் தின்னரில் கரைத்துப் பிரஷ்ஷால் பூசினால், தின்னர் ஆவியாகி, மூலை முடுக்கில் தூசி மட்டும் நிற்கும். பார்க்க அவ்வளவு உண்மையாக இருக்கும்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. மேசை மேல் தூசிக் கரைசல் வைத்த கிண்ணி. அவள் கையில் மெல்லிய பிரஷ். முனை கூராக இருக்க வேண்டும் என்று பிரஷ்ஷை உதட்டில் வைத்து இழுக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. கீழுதட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் பிறந்ததிலிருந்து சாதாரணமாகச் சொல்லிவந்த சொல்லின் பொருள் எனக்கு முதல் முறையாக உறைத்தது. சயனைடு.

வாயைக் கொப்பளிக்க வைத்தேன். மறுபடியும் வாந்தி எடுத்தாள். எழுந்து நிற்க முடியவில்லை. "வீடு சுத்துதுப்பா" என்றாள். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். எதிர் வீட்டு ஆட்டோக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இன்னாண்ணா ஆச்சு பாப்பாவுக்கு?"

"டம்ப் மண்ணு வாய்க்குள்ள போயிடுச்சு. சயனைடு. ஆஸ்பத்திரிக்குப் போங்க, சீக்கிரம்."

ஆட்டோ கிளம்பியது. அவர் திரும்பாமலே பேசினார். "பயப்படாதண்ணா. நானு சின்னப் புள்ளைல அந்த டம்ப் மேலேர்ந்து தகரத்துல உக்காந்துகினு சறுக்கி வுளயாண்டவன். வாயி, மூக்கு, காது எல்லாம் அந்த மண்ணுதான். எனக்கு இன்னா ஆயிடுச்சு?"

என் மடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள். "அதான் தெரியுதே அண்ணா."

அவர் சிரித்துவிட்டார். "கேட்டியாண்ணா, வாயப் பாத்தியா? இதுக்கு ஒண்ணும் ஆவாது." சொன்னாரே தவிர, வேகத்தைக் குறைக்கவில்லை. ஸ்பீடு பிரேக்கர் வந்தபோது மட்டும் நிறுத்தித் தொட்டில் மாதிரி இறக்கினார். பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே பயந்தவர் மாதிரி அவர் ஓட்டியதை நான் மறக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துக்கொண்டிருந்தபோது மனைவி கூப்பிட்டாள். ரயில் ஏறுவதற்கு முன்னால் தினமும் கூப்பிடுவாள். வாந்தி எடுத்தாள், டாக்டரிடம் காட்ட வந்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லலாம் என்றுதான் எடுத்தேன். என் வாயில் வந்தது வேறு. "பாப்பா சயனைடு சாப்பிட்டுட்டா" என்றேன்.

"இன்னா? இன்னா சொன்னீங்க?" அவளுக்குப் பின்னால் ரயில் கூவியது. இணைப்பு அறுந்தது. நான் திரும்பக் கூப்பிட்டபோது கிடைக்கவில்லை.

உள்ளே இருந்த டாக்டர் இளம்பெண். கோலார் பக்கத்துக் கன்னடத்துக்காரர், இங்கே வந்து தமிழ் கற்றுக்கொண்டவர். அவரிடமும் அதே சொல்லைச் சொன்னேன். ஊசி எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டார்.

"சயனைடா? எங்கே சிக்குச்சு சார் உங்களுக்கு?"

"டம்ப்ல, டாக்டர்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அதற்குள் மகளின் விரலில் கிளிப் மாட்டி, கண்ணில் வெளிச்சம் அடித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டார். "நீங்க நினைக்கிற அளவு உள்ளே போயிருந்தா இந்நேரம் என்னை இப்படி முறைச்சுப் பார்க்கமாட்டா" என்றார். நெஞ்சில் ஸ்டெத் வைக்கக் குனிந்தவர், அவள் தலைமுடியை முகர்ந்தார்.

"இது என்ன வாசனை?"

"தின்னர். ஸ்ப்ரே பெயின்ட். லாரி கேபினுக்கு அடிச்சோம்."

"எங்கே அடிச்சீங்க?"

"அவ ரூம்ல. சாப்பிட்டதும் அடிச்சோம். அப்புறம் அவ அங்கேயே உட்கார்ந்து மத்த வேலையைச் செஞ்சுக்கிட்டிருந்தா."

"ஜன்னல்?"

"சாத்தியிருந்தது."

"ஃபேன்?"

"போடல, டாக்டர். ஈரப் பெயின்ட் மேல தூசி விழுந்துடும்."

"என்ன தூசி?"

"டம்ப் தூசி."

"அப்போ இவ பிரஷ்ல என்ன பூசிட்டிருந்தா?"

அதற்குள் நர்ஸ் மாட்டிவிட்டிருந்த ஆக்சிஜன் மூடிக்குள்ளிருந்து மகள் பதில் சொன்னாள். "அதே தூசிதான் மேம்."

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "உங்களுக்குத் தலை வலிக்குதா சார்?" என்று என்னைக் கேட்டார். வலித்தது. நெற்றிப்பொட்டில் யாரோ தட்டுவது போல அப்போதுவரை வலித்துக்கொண்டுதான் இருந்தது. பயம் என்று நினைத்திருந்தேன். பெயின்ட் அடித்தபோது நானும் கொஞ்ச நேரம் அந்த அறையில் இருந்தேன்.

"மூணு மணி நேரமா தின்னர் ஆவியைச் சுவாசிச்சிருக்கா. பிரஷ்ஷையும் நக்கியிருக்கா. அதான் நாக்கு மரத்தது, தலை சுத்தினது, வாந்தி. நல்ல வேளை, கூப்பிட்டா. அங்கேயே தூங்கிப்போயிருந்தா நான் இப்படிப் பேசிட்டிருக்க முடியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்த மண்ணும் வாய்க்குள்ள போற சாமான் இல்லை. அதுல வேற என்னென்ன இருக்கோ. ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம். இன்னிக்கு இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

அவர் போன பிறகு நான் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியில் அவள் மூச்சு பனியாகப் படிந்து மறையும், திரும்பப் படியும். ஒவ்வொரு முறை படிந்தபோதும் யாருக்கோ நன்றி சொன்னேன். நாக்கு மரத்துப்போனால் அப்பாவைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதற்கு நன்றி. அப்பாவிடம் எதையும் சொல்லலாம் என்று அவள் பழகியிருந்தாள். ஸ்ப்ரே டப்பாவும் தின்னரும் எங்கள் வீட்டுக்குள் வந்தது இந்தப் பொழுதுபோக்கால்தான். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்காமல் இல்லை. ஆனால் அவள் கூப்பிட்டதும் அதனால்தான் என்று என் மனம் திரும்பத் திரும்பச் சொன்னது. இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாரங்கள் ஓடிவிட்டன. ரத்தத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தும்போது அந்த வாசனைக்கு இப்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அவள் அறைக் கதவு சாத்தியிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிவிடுகிறேன். "உயிரோடதான் இருக்கேன், வா" என்பாள்.

அன்று ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தெளிந்ததும் அவள் மூடியை நகர்த்திவிட்டு, "கேபின் கீழ விழுந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"பார்க்கல."

"பார்க்காமலா வந்த?"

"உன்னைத் தூக்கிட்டு வந்தேன்டி."

"ஒரு கையில என்னை, ஒரு கையில கேபினைத் தூக்கியிருக்கலாம்ல?" என்றாள். அப்புறம் அவளே என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். மட்கார்டு எங்கோ விழுந்துவிட்டிருந்தது. அது ஒட்டியிருந்த இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே, "அம்மாகிட்ட என்ன சொன்ன?" என்றாள்.

சொன்னேன்.

"ஐயோ அப்பா" என்று மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

அதற்குள் எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன் என்று தெரியாது. மனைவியின் போன் அணைந்து கிடந்தது. அந்தச் சொல்லைக் காதில் வைத்துக்கொண்டு அவள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். பங்காருபேட்டை உட்பட வழியில் எந்த ஸ்டேஷனில் ரயில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அன்று அந்த நிமிடங்கள் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் அதுவரை வாசலிலேயே இருந்தார். "நானு ஸ்டேஷனுக்குப் போறேண்ணா. அக்காவ நடக்க வுடக் கூடாது" என்று கிளம்பினார். "போனதும் முதல்ல பாப்பா நல்லா இருக்கான்னு சொல்லிடுங்க" என்றேன். "அத வுட்டுட்டு வேற இன்னா சொல்லப் போறேன்?" என்றார்.

சொல்லியிருக்கிறார். அவள் நம்பவில்லை. ரயிலில் பெண்கள் பெட்டியில் தினமும் கூட வரும் மூன்று பேரையும் அதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். டிபன் பைகளோடு அவர்கள் மூவரும் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். அவள் மட்டும் உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று, போர்வையை விலக்கி, மகளின் இரண்டு பாதங்களையும் கைக்குள் வைத்துக்கொண்டாள். சூடு இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள் மகள். "தின்னர் வாசனைதான். ஜன்னல் சாத்தியிருந்துச்சு."

மனைவி பாதங்களை விடவில்லை. நர்ஸ் வந்து, காலையில் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னார். அதன் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

"ரயிலு மாலூர் தாண்டினப்போ ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை குடுத்தேன்" என்றாள். "புள்ளைய மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க, ஆயுசுக்கும் இதுங்க ரெண்டையும் திட்டமாட்டேன்னு. இப்ப இவளப் பாத்ததும் இன்னொரு தடவ கேட்டுக்கிட்டேன், அத நாளைலேர்ந்து வச்சிக்கலாமான்னு."

வாசலில் நின்றவர்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். என் மனைவி துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு, முதல் முறையாக எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜன்னல சாத்திக்கிட்டு பெயின்ட் அடிக்கிறதுங்களே, ரெண்டுக்கும் அறிவுன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?"